எது சிறந்த காலாட்படைச் சண்டை வண்டி? முதலில் எடையைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: பிராட்லி, பூமா, சிவி90, பிஎம்பி-3, லின்க்ஸ் ஆகியவற்றில் உலகின் தலைசிறந்த ட்ராக் (சங்கிலிப் பட்டை) வகைக் காலாட்படைச் சண்டை வாகனம் எது, நம்முடைய பிஎம்பி-2 அந்த வரிசையில் எங்கே நிற்கிறது? தான் பார்த்த ஒவ்வொரு காணொளியும் வேறு வேறு வண்டிக்கு முதலிடம் தருகிறது என்றும் கேட்டவர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தேவை இன்னொரு தரவரிசை அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். எதை வைத்து ஒப்பிடுவது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பட்டியல்களை அவரே சீர்தூக்கிப் பார்த்துக்கொள்வார். அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் பல ஆண்டுகள் ராணுவத்தின் பழுது பார்க்கும் பிரிவான இ.எம்.இ.-யில் இருந்து, மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி (கவச வண்டியில் போகும் காலாட்படை) பட்டாலியன்களின் பிஎம்பி-2 வண்டிகளைப் பழுது பார்த்தவன். பிஎம்பி பற்றிச் சொல்வது கையில் கிரீஸ் பட்டு அறிந்தது. மற்ற நாட்டு வண்டிகளைப் பற்றிச் சொல்வது வெளியான தகவல்களையும் போர்க்கள அறிக்கைகளையும் தொடர்ந்து படித்து அறிந்தது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டியின் கவசம் உண்மையில் எதைத் தாங்கும் என்ற முழுக் கணக்கை எந்த நாடும் வெளியிடுவதில்லை. "முன்பக்கம் இத்தனை மி.மீ.க்குச் சமம்" என்று இணையத்தில் ஓடும் அட்டவணைகளில் பெரும்பாலானவை ஊகம். அந்த எண்களை நான் தொடப்போவதில்லை. எடை, இருக்கை எண்ணிக்கை, பீரங்கி, கதவு எங்கே இருக்கிறது என்பவை மட்டும் போதும், நிறைய தெரிந்துவிடும்.

இந்த வண்டியின் வேலை என்ன என்பதில் இருந்து தொடங்கலாம். பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆறேழு சிப்பாய்களை, டாங்கிகளோடு சேர்ந்து எதிரியின் அருகே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அவர்கள் இறங்கிச் சண்டை போடும்போது பின்னால் நின்று சுட்டு உதவ வேண்டும். 1966-ல் சோவியத் படை சேவையில் சேர்த்த பிஎம்பி-1 இந்த வகைக்கு அடித்தளம் போட்டது. அணுகுண்டு விழுந்த ஐரோப்பாவில், சிப்பாய்கள் கீழே இறங்காமலேயே வண்டிச் சுவரில் உள்ள ஓட்டைகள் வழியாகச் சுட்டுக்கொண்டு, ஆறுகளை நீந்திக் கடந்து, மேற்கு நோக்கி ஓட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் அது சுமார் 13 டன்னில் நின்றது.

எடையைக் குடும்பத்தின் மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவசத்துக்குக் கொடுத்தால் நீச்சலுக்கு இல்லை. பெரிய பீரங்கிக்குக் கொடுத்தால் ஆட்களுக்கு இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் கொடுத்தால் பாலமும் விமானமும் தாங்காது. ஒவ்வொரு நாடும் தன் நிலத்தையும் தன் பயத்தையும் பார்த்துத்தான் இந்தச் செலவைப் பிரிக்கிறது. அதைப் பார்க்காமல் "எது சிறந்தது" என்று கேட்டால் பதிலே கிடைக்காது.

பிஎம்பி-2-ஐ எடுத்துக்கொள்வோம். 1980-ல் வந்தது. சுமார் 14 டன். 30 மி.மீ. 2ஏ42 பீரங்கி, அதற்கு 500 குண்டுகள், மேலே டாங்கியை அடிக்கும் கொங்கூர்ஸ் ஏவுகணை, 300 குதிரைத்திறன் யூடிடி-20 இன்ஜின். இந்தியாவில் 'சரத்' என்ற பெயரில் தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் தயாராகிறது. இன்ஜின் நம்ம ஆவடியில் தயாராகிறது. டிரைவர் இடப்பக்கம் முன்னால், அவருக்கு வலப்பக்கம் இன்ஜின், நடுவில் இரண்டு பேர் உட்காரும் டரட் (சுழலும் பீரங்கிக் கூண்டு). பின் அறையில் சிப்பாய்கள் பக்கத்துக்கு மூன்று பேராக, முதுகோடு முதுகு வைத்து, வெளிச்சுவரைப் பார்த்து உட்காருவார்கள். அந்த இரண்டு வரிசை முதுகுக்கும் நடுவில் இருப்பது டீசல் தொட்டி. பின்கதவு இரண்டும் உள்ளீடற்றவை, அவற்றிலும் டீசல்தான். கதவைத் திறந்து ஏறும் ஆள் டீசலைத் தள்ளிக்கொண்டு ஏறி, டீசலில் சாய்ந்து உட்காருகிறான். முழங்கால் சுவரில் இடிக்கும். குண்டு துளைக்காத சட்டை, பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஆறு பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதைப் பார்த்தால், இந்த வண்டியை வரைந்தவர்கள் எந்த உடல்வாகை மனதில் வைத்திருந்தார்கள் என்று புரியும்.

இவ்வளவு நெருக்கடிக்கும் பதிலாகக் கிடைத்தது என்ன? நீச்சல். தண்ணீரில் இறங்கும் முன் அடிப்பகுதி வடிகால் மூடிகளைச் சரிபார்த்து, கதவு ரப்பர் சீல்களைத் தடவிப் பார்த்து, முன்னால் அலைத்தடுப்புப் பலகையை உயர்த்திவிட்டால் போதும். ட்ராக் சுழலும் வேகத்திலேயே மணிக்கு 7 கி.மீ. அளவில் வண்டி மிதந்து போகும். பஞ்சாபில் எல்லையோரம் கால்வாயும் கரையும் அடுக்கடுக்காக இருக்கிற நிலத்தில், பாலம் போடும் படைக்காகக் காத்திராமல் தானே அக்கரை போய்ச் சேரும் வண்டி என்றால் அதன் மதிப்பு தனி. இன்னொன்று, பீரங்கியை ஏறத்தாழ 74 பாகை மேலே தூக்கலாம். மலைச்சரிவில் மேலே இருக்கும் எதிரியைச் சுட வேறு பல வண்டிகளுக்கு இந்த வசதி இல்லை. பிஎம்பி-1-ன் 73 மி.மீ. பீரங்கியால் அதைச் செய்ய முடியாததை ஆப்கானிஸ்தானில் சோவியத் படை அனுபவித்தது.

அதே ஆப்கானிஸ்தான்தான் பிஎம்பியின் பலவீனத்தையும் காட்டியது. கண்ணிவெடிக்குப் பயந்து சிப்பாய்கள் உள்ளே உட்காராமல் வண்டியின் கூரை மேல் உட்கார்ந்து போனார்கள். கவச வண்டிக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பது பாதுகாப்பு என்று சிப்பாய் முடிவு செய்தால், அந்த வண்டி தன் முதல் வேலையில் தோற்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன். பக்கவாட்டில் கூடுதல் தகடு பொருத்திய பிஎம்பி-2டி வந்தபோது அதன் நீச்சல் போனது. சம்பளக் கணக்கு இங்கேயே வந்துவிட்டது.

பிஎம்பி-3 அடுத்த தலைமுறை என்று பலர் நினைக்கிறார்கள். ஆயுதத்தைப் பார்த்தால் அது சரிதான்: 100 மி.மீ. பீரங்கியும் 30 மி.மீ. பீரங்கியும் ஒரே டரட்டில், எடை 19 டன்னுக்குள், நீச்சலும் உண்டு. வேறு எந்த நாடும் இந்த எடையில் இவ்வளவு சுடும் திறனைக் கொடுத்ததில்லை. ஆனால் இன்ஜினைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். பின்னிருந்து இறங்கும் சிப்பாய் இன்ஜினுக்கு மேலே உள்ள குறுகிய பாதையில் குனிந்து ஏறி, பிறகு கீழே குதிக்க வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி உயரத்தில் தெரிவதே ஆபத்து. போதாததற்கு, டரட்டுக்குக் கீழே 100 மி.மீ. குண்டுகள் அடுக்கியிருக்கின்றன, மொத்தம் 40. அதில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு வழியே இல்லை. காகிதத்தில் மிக வலுவாகத் தெரியும் இந்த வண்டியை நான் கீழே வைப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் பிராட்லியின் கதை கொஞ்சம் நீளம். சொல்ல வேண்டியது அதில் நிறைய இருக்கிறது. 1981-ல் சேவைக்கு வந்தபோது சுமார் 23 டன், 25 மி.மீ. புஷ்மாஸ்டர் பீரங்கி, டாங்கியை அடிக்கும் டோ ஏவுகணை இரண்டு, துணித்திரை கட்டிக்கொண்டு நீந்தும் வசதி. நிறைய கேலிக்கு ஆளான வண்டி அது. எரிபொருளும் வெடிபொருளும் நிரப்பிய வண்டியின் மேல் நிஜமாகவே சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற சண்டை அமெரிக்காவில் 1980களின் நடுவில் பெரிதாகி, அப்படிச் சோதிப்பது சட்டமாகவே ஆனது. விளைவாக 1988-ல் வந்த ஏ2 வகையில் கூடுதல் கவசம், உட்சுவரில் சிதறல் தடுக்கும் விரிப்பு, 600 குதிரைத்திறன் இன்ஜின். நீச்சல் நடைமுறையில் கைவிடப்பட்டது. இன்று அது 30 டன்னைத் தாண்டி நிற்கிறது. தன் வண்டியைத் தானே சுட்டுப் பார்க்க ஒரு படை கட்டாயப்படுத்தப்பட்டது. அதன் பலனை நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டின் சிப்பாய்கள் அனுபவிக்கிறார்கள்.

1991 வளைகுடாப் போரில் பிராட்லிகள் ஆப்ராம்ஸ் டாங்கிகளைவிட அதிக ஈராக் வண்டிகளை அழித்தன என்று சொல்வதுண்டு. அதை நான் சந்தேகக் கணக்கில் வைக்கிறேன். பாலைவனத்தில் எரிந்த வண்டியை யார் அடித்தது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: அந்தப் போரில் அழிந்த 20 பிராட்லிகளில் 17 தம் படையின் குண்டாலேயே அழிந்தன என்று அமெரிக்க அரசின் கணக்கு சொல்கிறது. எதிரியைவிட எதிரில் நிற்பது யார் என்று தெரியாததே பெரிய அபாயமாக இருந்தது. வெப்பப் படக்கருவியும் இருப்பிடத்தைக் காட்டும் கருவியும் கவசத்துக்குச் சமமான விஷயங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உக்ரைனுக்கு பிராட்லி தரப்போவதாக அமெரிக்கா 2023 ஜனவரியில் அறிவித்தது. அந்த ஜூனில் ஓரிகிவ் அருகே கண்ணிவெடிப் பரப்பில் லெபர்ட் டாங்கிகளோடு பிராட்லிகளும் சிக்கி நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைத் தோல்வி என்று எழுதினார்கள். படத்தை உற்றுப் பாருங்கள்: ட்ராக் அறுந்து, சக்கரம் பிய்ந்து கிடக்கிறது, உடற்கூடு முழுதாக இருக்கிறது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் இறங்கி ஓடி உயிர் பிழைத்தார்கள். சேதமடைந்த வண்டிகளில் பலவற்றை இழுத்து வந்து பழுது பார்த்தார்கள். வொர்க்‌ஷாப்பில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய விஷயம். வண்டி போனால் ஸ்பேர் பார்ட்ஸ் போட்டுத் திருப்பிக் கொண்டுவரலாம், பழகிய கன்னரையும் டிரைவரையும் அப்படிக் கொண்டுவர முடியாது. 2024 ஜனவரியில் ஸ்டெப்போவே கிராமத்தில் இரண்டு பிராட்லிகள் ஒரு ரஷ்ய டி-90எம் டாங்கியை 25 மி.மீ. குண்டு மழையால் செயலிழக்கச் செய்த காணொளியும் பிரபலம். அந்தக் குண்டுகள் டாங்கியின் முன்கவசத்தைத் துளைக்கவில்லை. வெளியே இருந்த பார்வைக் கருவிகளை நொறுக்கின, டரட் கட்டுப்பாடின்றிச் சுழன்றது. நடந்தது நிஜம். அதை வைத்து "பிராட்லி டாங்கியை வெல்லும்" என்று பொது விதி எழுதுவது தவறு. வெளியே வரும் காணொளிகள் பிழைத்தவர்களும் வென்றவர்களும் தேர்ந்தெடுத்து வெளியிடுபவை.

பிராட்லிக்கும் ஒரு தீராத குறை உண்டு, அது இருக்கை. அமெரிக்கக் காலாட்படை ஸ்குவாட் (ஒன்றாகச் சண்டை போடும் சிறு குழு) ஒன்பது பேர். வண்டியின் பின்னால் ஆறேழு பேருக்குத்தான் இடம். ஒரே ஸ்குவாடை இரண்டு வண்டிகளில் பிரித்து ஏற்றி, இறங்கியபின் ஒன்று சேர்க்கிறார்கள். இருட்டில், சத்தத்தில், புகையில் அது எவ்வளவு சிரமம் என்பதைச் செய்து பார்த்தவர்களிடம் கேட்டால் தெரியும். ஒன்பது பேரையும் நல்ல கவசத்துக்குள் ஏற்றும் வண்டி ஒன்றை வரைந்து பார்த்தார்கள். எடை 60 டன்னைத் தாண்டிப் போனது, 2014-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிராட்லிக்கு மாற்றாக இப்போது நடக்கும் எக்ஸ்எம்30 திட்டம் பின்னால் ஆறு பேரோடு திருப்திப்பட்டுவிட்டது.

ஜெர்மனியின் பூமா இதே கணக்கை வேறு விதமாகப் போட்டது. டரட்டில் ஆளே இல்லை. மூன்று பேர் குழுவும் உடற்கூட்டுக்குள் பாதுகாப்பாக உட்காருகிறது. ஏ400எம் விமானத்தில் ஏற்ற 31.45 டன் வடிவம், அதன்மேல் சண்டைக்கான கவசத் தகடுகளைப் பொருத்தினால் 43 டன். ஆயிரத்துக்கு மேல் குதிரைத்திறன். சிப்பாய்களைக் காப்பதில் இன்று இருக்கும் வண்டிகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்க வடிவமைப்பு என்பது என் மதிப்பீடு. ஆனால் 2022 டிசம்பரில் ஒரு பயிற்சியில் ஓடிய 18 பூமாக்களும் பழுதாகி நின்றன. மேற்கொண்டு வாங்குவதை அமைச்சகம் நிறுத்தி வைத்தது. பழுதுகளில் பெரும்பாலானவை சிறியவை என்று பிறகு தெரிந்து, 2023-ல் இன்னும் 50 வண்டிகளுக்கு ஆர்டர் போட்டார்கள். சிறிய பழுது என்ற சொல் எனக்கு ஆறுதல் தருவதில்லை. சேற்றில் நிற்கும் வண்டிக்கு ஒரு மின் இணைப்பு போனாலும் இன்ஜின் போனாலும் பின்னால் இருப்பவர்களுக்கு விளைவு ஒன்றுதான். உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், களத்திலேயே எதைக் கழற்றலாம் என்ற கேள்விகளுக்கு எந்தத் தரவரிசைக் காணொளியிலும் இடம் இல்லை.

சுவீடனின் சிவி90 இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்தது. 1993-ல் சேவைக்கு வந்தபோது 40 மி.மீ. போஃபோர்ஸ் பீரங்கியுடன் சுமார் 23 டன். பனியிலும் சதுப்பிலும் புதையாமல் ஓட வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பிறகு வாங்கிய நாட்டுக்கு ஏற்ப 30, 35 மி.மீ. பீரங்கி, கூடுதல் கவசம், ரப்பர் ட்ராக் என்று படிப்படியாக மாறி 35 டன்னைத் தாண்டிவிட்டது. நார்வேயும் டென்மார்க்கும் ஆப்கானிஸ்தானில் ஓட்டின. சுவீடன் உக்ரைனுக்கு 50 வண்டிகள் கொடுத்தது. செக் குடியரசு 246, ஸ்லோவாக்கியா 152 என்று ஆர்டர் தந்தன. ஒரே அடிப்படை வண்டியை முப்பது ஆண்டுகள் அவசரமில்லாமல் திருத்திக்கொண்டே வந்ததுதான் அதன் பலம். பராமரிப்பவன் கண்ணில் பார்த்தால் என் கை முதலில் நீளுவது இதன் பக்கம்தான். ஹங்கேரி 218 வாங்கிய ஜெர்மன் லின்க்ஸ் கேஎஃப்41, ஆஸ்திரேலியா 2023-ல் 129 வாங்க முடிவு செய்த தென்கொரிய ரெட்பேக் இரண்டும் 40 டன்னுக்கு மேற்பட்டவை, எட்டுப் பேருக்கு இடம் தருபவை. வடிவமைப்பு நன்றாக இருக்கிறது. போரில் இன்னும் போதிய அளவு சோதிக்கப்படவில்லை.

தென்கொரியாவின் முந்தைய வண்டி கே21 சொல்லும் பாடம் வேறு. சுமார் 25 டன், 40 மி.மீ. பீரங்கி, ஒன்பது பேருக்கு இடம், இவற்றோடு நீச்சலும் வேண்டும் என்று பக்கவாட்டில் காற்றுப் பைகள் வைத்தார்கள். 2009 டிசம்பரிலும் 2010 ஜூலையிலும் வண்டிகள் மூழ்கின. இரண்டாவதில் ஒரு வீரர் உயிரிழந்தார். திருத்தங்கள் செய்தபின்தான் மீண்டும் தண்ணீரில் விட்டார்கள். கனத்தையும் மிதப்பையும் ஒரே வண்டியில் கேட்பது எவ்வளவு நூலிழை வேலை என்பது அதில் தெரிகிறது. மறுகோடியில் இஸ்ரேலின் நாமெர் இருக்கிறது. மெர்காவா டாங்கியின் உடற்கூட்டில் செய்த, 60 டன்னைத் தாண்டிய வண்டி. 2014-ல் காஸாவின் ஷுஜையாவில் பழைய எம்113 கவச வண்டி ஒன்று அடிபட்டு ஏழு வீரர்கள் இறந்தபின் நாமெர் எண்ணிக்கையைக் கூட்டும் கோரிக்கை வலுத்தது. எல்லை வீட்டு வாசலிலேயே இருக்கும் நாட்டுக்கு அது பொருந்தும், ஆயிரம் கி.மீ. ரயிலில் ஏற்றிப் போக வேண்டிய படைக்குப் பொருந்தாது.

பீரங்கியின் மி.மீ. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய வகை 30 மி.மீ. துளைக் குண்டைவிட பிராட்லியின் நவீன 25 மி.மீ. குண்டு அதிகக் கவசத்தைத் துளைக்கும். குண்டு எந்தத் தலைமுறை, கன்னர் இரவில் எவ்வளவு தூரம் பார்க்கிறார், ஓடும்போது பீரங்கி நிலையாக நிற்கிறதா என்பவைதான் முடிவு செய்யும். பூமா போன்றவை சுடும் குண்டை, குறித்த தூரத்தில் காற்றிலேயே வெடிக்கச் சொல்லலாம். அகழிக்குள் இருப்பவனுக்கும் சின்ன ட்ரோனுக்கும் எதிராக அது பயன்படும். ட்ரோன் வந்தபின் எல்லா வண்டிக்கும் கூரைதான் பலவீனம். பாய்ந்து வரும் ஏவுகணையை வழியிலேயே அடிக்கும் ட்ரோபி, அயர்ன் ஃபிஸ்ட் போன்ற கருவிகளை இப்போது இந்த வண்டிகளில் பொருத்துகிறார்கள். மேலிருந்து அடுக்கடுக்காக வரும் மலிவான ட்ரோன்களை அவை எவ்வளவு தாங்கும் என்பதில் யாருக்கும் இன்னும் தீர்ந்த பதில் இல்லை.

கடைசியாக நம் பிஎம்பி-2. பாதுகாப்பில் அது மேலே சொன்ன மேற்கத்திய வண்டிகளுக்குக் கிட்டே வராது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 14 டன் என்ற அந்த எண்தான் 2020-ல் கைகொடுத்தது. கிழக்கு லடாக் பதற்றத்தின்போது 300-க்கும் மேற்பட்ட பிஎம்பிகளை விமானப்படை ஏற்றிச் சென்றதாக 2023-ல் செய்திகள் வெளியாயின. 43 டன் வண்டி என்றால் அதே எண்ணிக்கைக்கு எத்தனை மடங்கு விமானப் பயணம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் 693 பிஎம்பி-2 வண்டிகளின் ஆயுதப் பகுதியை மேம்படுத்த, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுக் கவச வாகன நிறுவனமான ஏ.வி.என்.எல்.-ஓடு ஒப்பந்தம் போட்டார்கள்: இரவுப் பார்வை, கமாண்டருக்குத் தனிச் சுற்றுப்பார்வைக் கருவி, இலக்கைத் தானாகப் பின்தொடரும் வசதி. சரியான இடத்தில் போட்ட பணம் என்பேன். ஆனால் சிப்பாய்களுக்கு நடுவில் இருக்கும் டீசல் தொட்டியை அது நகர்த்தாது.

அடுத்த தலைமுறை வண்டிக்காகச் சுமார் 1,750 எண்ணிக்கையில் 2021-ல் ராணுவம் தகவல் கேட்டது. பேச்சு தொடங்கியதோ அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பு. என் கருத்தில் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது பூமாவை அல்ல, போலந்தின் போர்சுக்கை: சுமார் 28 டன், மிதக்கும், ஆளில்லாத டரட்டில் 30 மி.மீ. பீரங்கியும் ஸ்பைக் ஏவுகணையும், பின்னால் ஆறு பேர். முதல் 111 வண்டிகளுக்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. ஆறும் சதுப்பும் நிறைந்த நிலம், கிழக்கே பெரிய எதிரி, கையில் பழைய பிஎம்பி-1 என்று அவர்கள் தொடங்கிய இடம் நம் இடத்துக்கு நெருக்கமானது. லடாக்குக்குப் போகும் வகை என்றால் மிதப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அடித்தளத்திலும் கூரையிலும் கவசம் சேர்க்கலாம். அந்த உயரத்தில் டர்போ இல்லாத யூடிடி-20 மூச்சுத் திணறுவது எங்களுக்குப் பழகிய விஷயம். ஆகவே புது வண்டியின் விவரத்தாளை என்னிடம் கொடுத்தால், பீரங்கிப் பக்கத்தைப் புரட்டும் முன் டர்போ சார்ஜரையும் பேட்டரி ஹீட்டரையும்தான் தேடுவேன்.